பட்டாயாவில் வாங்கிய ஸ்கைடைவிங் லைசென்ஸ் கொலராடோவில் செல்லுமா?

கேள்வி: சென்னையில் ஐடி வேலையில் இருக்கிறேன். போன ஆண்டு ஜூனில் தாய்லாந்தின் பட்டாயா பக்கம் போய் ஸ்கைடைவிங் கற்கத் தொடங்கினேன். இந்த ஜனவரியில் திரும்பப் போய் யு.எஸ்.பி.ஏ. ‘ஏ’ லைசென்ஸ் (முதல் நிலை) வாங்கிவிட்டேன். மொத்தம் 31 முறை குதித்திருக்கிறேன். அங்கேயே பழைய ரிக் (முதுகில் மாட்டும் பாராசூட் தொகுப்பு) ஒன்றும் வாங்கினேன், கேனபி, அதாவது விரியும் பாராசூட், 190 சதுர அடி. ரிசர்வை (அவசரத்துக்கான இரண்டாவது பாராசூட்டை) அங்குள்ள ரிக்கர் (பாராசூட்டை மடித்துப் பராமரிப்பவர்) ஜனவரி 15 அன்று மடித்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு குதிக்கவில்லை. ஜூலை முழுக்க அமெரிக்காவில், கொலராடோவின் போல்டரில், அண்ணன் வீட்டில் இருப்பேன். பக்கத்து ஊரான லாங்மான்ட்டில் டிராப் சோன் (ஸ்கைடைவிங் மைதானம்) இருக்கிறது. என் லைசென்ஸ் அங்கே செல்லுமா? ரிக்கை விமானத்தில் கொண்டுபோகலாமா? டென்வரில் இருக்கும் நண்பர் ஒருவர், “ரிக்கைச் சுமக்க வேண்டாம், என்னிடம் 150 கேனபியோடு இன்னொரு ரிக் இருக்கிறது, நானே மடித்தும் தருகிறேன்” என்கிறார். கோப்ரோ கட்டிக்கொள்ள ஆசை. என் எடை 64 கிலோ. அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை, அங்கே போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

பதில்: வணக்கம். லைசென்ஸ் செல்லும். உங்கள் விஷயத்தில் அது அமெரிக்காவுக்கு வெளிநாட்டு லைசென்ஸே அல்ல. தாய்லாந்தில் வாங்கியிருந்தாலும் அதைக் கொடுத்தது அமெரிக்க பாராசூட் சங்கமான யு.எஸ்.பி.ஏ., அதனால் அங்கே யாரும் அதை மாற்றிக் கேட்கப் போவதில்லை. அமெரிக்க அரசு ஸ்கைடைவருக்கென்று தனியாக லைசென்ஸ் எதுவும் கொடுப்பதும் இல்லை. அரசின் விமானப் போக்குவரத்துத் துறையான எப்.ஏ.ஏ. விமானத்தையும் விமானியையும், ரிக்கரையும், பாராசூட்டையும், மேகத்துக்கு எவ்வளவு தள்ளி நின்று குதிக்க வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்கிறது. குதிப்பவரின் தகுதியைச் சங்கமும் அந்தந்த டிராப் சோனும் பார்த்துக்கொள்கின்றன.

ஆனால் ஒன்று. யு.எஸ்.பி.ஏ. லைசென்ஸ் உயிரோடு இருப்பது சங்கத்தின் உறுப்பினர் சந்தா உயிரோடு இருக்கும்வரைதான். போன ஆண்டு ஜூனில் சேர்ந்தீர்கள் என்றால் ஓராண்டுச் சந்தா இந்த ஜூனோடு முடிந்திருக்கும், நீங்கள் போவதோ ஜூலையில். இன்றைக்கே அவர்கள் தளத்தில் நுழைந்து தேதியைப் பாருங்கள், முடிகிறது என்றால் கிளம்பும் முன்பே கட்டிவிடுங்கள். அந்தச் சந்தாவில் மூன்றாம் நபர் காப்பீடும் சேர்ந்து வருகிறது: நீங்கள் இறங்கும்போது யாருடைய காரின் மேலோ கூரையின் மேலோ விழுந்து சேதம் ஆனால் 50,000 டாலர் வரை அவர்களுக்குப் போகும். உங்கள் காலுக்கோ முதுகுக்கோ அதில் ஒரு பைசா வராது. அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும், பிறகு சொல்கிறேன்.

லைசென்ஸைப் பற்றிச் சொல்ல இருந்தது இவ்வளவுதான். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தவை வேறு மூன்று விஷயங்கள். ஜனவரிக்குப் பிறகு குதிக்கவில்லை என்பது ஒன்று, ஜனவரி 15 என்ற ரிசர்வ் தேதி ஒன்று, கொலராடோ என்ற ஊர் ஒன்று.

புது டிராப் சோனுக்குப் போனால் பெயர் பதியும் மேனிஃபெஸ்ட் கவுன்ட்டரில் நடப்பதை மனதில் ஓட்டிப் பாருங்கள். லைசென்ஸ் எண்ணைக் கணினியில் தட்டிப் பார்ப்பது அரை நிமிட வேலை. அப்புறம் லாக்புக்கைக் கேட்பார்கள். அனுபவமுள்ள பயிற்சியாளர் அதை முதல் பக்கத்திலிருந்து புரட்ட மாட்டார், நேரே கடைசிப் பதிவுக்குப் போவார். தேதி என்ன, எந்த உயரத்தில் பாராசூட்டைத் திறந்தார், எங்கே இறங்கினார், யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார். உங்கள் கடைசிப் பக்கம் ஜனவரி என்று சொல்லும். ‘ஏ’ லைசென்ஸ்காரர் 60 நாள் குதிக்காமல் இருந்துவிட்டால் பயிற்சியாளர் ஒருவரின் மேற்பார்வையில் ஒரு குதிப்பு முடித்துவிட்டுத்தான் தனியாகப் போக வேண்டும் என்பது யு.எஸ்.பி.ஏ.வின் அறிவுரை. உங்களுக்கு ஆறு மாதம் ஆகியிருக்கும். ஆகவே அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள், போகும்போதே “எனக்கு ரிஃப்ரெஷர் வேண்டும்” என்று நீங்களே கேளுங்கள். தரையில் ஹார்னஸில் தொங்கவிட்டு அவசர நிலைப் பயிற்சி தருவார்கள், அதை முழுதாக வாங்கிக்கொள்ளுங்கள். மெயின், அதாவது முதல் பாராசூட், சரியாகத் திறக்கவில்லை என்றால் கட் அவே (அதைக் கழற்றிவிடுவது), பிறகு ரிசர்வ் என்ற வரிசை மூளைக்கு மறந்திருக்காது. ஆனால் கை அதை மறந்துவிடும், ஆறு மாதம் போதும் அதற்கு. பட்டாயாவில் கற்ற எண்களையும் திரும்பச் சொல்லிப் பாருங்கள்: ‘ஏ’ லைசென்ஸ்காரர் 3,000 அடிக்குக் கீழே வருவதற்கு முன் மெயினைத் திறந்தாக வேண்டும், சரியில்லை என்றால் 2,500 அடிக்குக் கீழே வருவதற்கு முன் முடிவு எடுத்தாக வேண்டும்.

அடுத்தது ரிக். கொண்டுபோகலாம், அமெரிக்காவின் விமான நிலையப் பாதுகாப்புத் துறையான டி.எஸ்.ஏ. பாராசூட்டை ஏஏடியோடு (நீங்கள் திறக்காவிட்டால் ரிசர்வைத் தானே வெட்டித் திறந்துவிடும் கருவி) சேர்த்தே கைப்பையாகவும் செக்-இன் சாமானாகவும் அனுமதிக்கிறது. கைப்பையாகக் கொண்டுபோவதே நல்லது, தொலைந்த சாமான் கன்வேயரில் உங்கள் ரிசர்வ் சுற்றிக்கொண்டிருக்க வேண்டாம். ஸ்கேனரில் ஏஏடி பார்ப்பதற்கு வினோதமாகத் தெரியும், அதன் கத்திக்குள் சின்ன வெடிமருந்துத் துளி ஒன்று இருக்கிறது. அதற்காகவே சைப்ரஸ் போன்ற ஏஏடிகளைச் செய்பவர்கள் எக்ஸ்ரே படத்தோடு ஒரு அட்டை தருகிறார்கள். அதை அச்செடுத்து ரிக்கின் மேலேயே வைத்திருங்கள். அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். திறந்து பார்க்க வேண்டும் என்று அதிகாரி சொன்னால் சண்டை போடாமல், உங்கள் முன்னிலையில் பார்க்கட்டும் என்று பணிவாகக் கேளுங்கள். ரிசர்வ் பின்னை மட்டும் யாரும் இழுத்துவிடக் கூடாது. சென்னையில் ஏறும்போது என்ன சொல்வார்கள் என்பதை விமான நிறுவனத்துக்கு இப்போதே மின்னஞ்சல் எழுதிக் கேட்டு, பதிலை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள், வாய்மொழியாகச் சொன்னது கவுன்ட்டரில் நிற்காது. ஹார்னஸில் ஹுக் நைஃப் மாட்டியிருந்தால் அதைக் கழற்றி செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள். பலரும் மறப்பது இதைத்தான், அதுவும் கத்திதான் அல்லவா.

கொண்டுபோகலாம் என்பதாலேயே கொண்டுபோய்க் குதித்துவிட முடியாது. அமெரிக்க விதிப்படி ரிசர்வை எப்.ஏ.ஏ. சான்று பெற்ற ரிக்கர் மடித்திருக்க வேண்டும், மடித்து 180 நாளுக்குள் இருக்க வேண்டும். ஜனவரி 15லிருந்து 180 நாள் எண்ணுங்கள், ஜூலை 14 வரும். அதாவது நீங்கள் அண்ணன் வீட்டில் இருக்கும் மாதத்தின் நடுவிலேயே தேதி தீர்ந்துவிடும். அதற்கு முன்னாலேயே, மடித்தவர் எப்.ஏ.ஏ. சான்று பெற்றவரா என்ற கேள்வி இருக்கிறது. வெளிநாட்டுக்காரர் தன் சொந்த, அமெரிக்க அங்கீகாரம் இல்லாத பாராசூட்டோடு வந்தால் அவர் நாட்டு விதிப்படி மடித்ததை ஏற்கலாம் என்று ஒரு விதிவிலக்கு உண்டு. ஆனால் இன்று விற்கும் ரிக்குகளில் பெரும்பாலானவை அமெரிக்க அங்கீகார முத்திரை உள்ளவை, உங்களுடையதும் அப்படித்தான் இருக்கும், ஆகவே அந்த விதிவிலக்கை நம்பிக்கொண்டு போகாதீர்கள்.

ரிக்கை எடுத்து, ரிசர்வ் அட்டை வைக்கும் சின்னப் பையைத் திறந்து பாருங்கள். அட்டையில் தேதி, மடித்தவர் கையெழுத்து, அவருடைய சான்று எண் இருக்கும். அப்புறம் ரிசர்வ் மூடியைத் தூக்கிப் பாருங்கள். பின்னைச் சுற்றி மெல்லிய சிவப்பு நூல், அதன் முனையில் அழுத்திய ஈய முத்திரை, அதில் அந்த ரிக்கருக்கு உரிய குறியெழுத்துகள். அட்டையும் முத்திரையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இரண்டையும் தெளிவாகப் படம் எடுத்து டிராப் சோனுக்கு அனுப்பிவிடுங்கள். அவர்கள் “இங்கே வந்து மறுபடி மடிக்க வேண்டும்” என்றால் போன கையோடு அங்குள்ள ரிக்கரிடம் கொடுத்துவிடுங்கள், வார இறுதியில் போய் நின்று அவசரப்படுத்தினால் நடக்காது. பழைய ரிக் என்பதால் புதுக் கண் ஒன்று அதை முழுதாகப் பார்ப்பதும் நல்லதே. செலவாகும்தான். அந்தச் செலவு வலிக்கிறது என்றால் அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், நாலைந்து குதிப்புக்காக ரிக்கை உலகம் சுற்றவைப்பதைவிட அது சுலபம்.

இனி நண்பர் தரும் 150. வேண்டாம்.

கணக்குப் போட்டே சொல்கிறேன். நீங்கள் 64 கிலோ, ரிக்கும் உடுப்பும் சேர்த்து 12 கிலோ என்று வைத்தால் 76 கிலோ, அதாவது சுமார் 168 பவுண்டு. 190 சதுர அடி கேனபியில் சதுர அடிக்கு 0.88 பவுண்டு. 150ல் அது 1.12. 31 குதிப்பு முடித்த ஒருவருக்கு, ஆறு மாத இடைவெளிக்குப் பிறகு, பழகாத மைதானத்தில், இது கடலோரத்திலேயே அதிகம். நீங்கள் போவதோ கடலோரமும் இல்லை. நீங்கள் கற்ற இடம் கடல்மட்டத்தை ஒட்டியது. லாங்மான்ட் விமானத் தளம் கடல்மட்டத்திலிருந்து 5,000 அடிக்கும் சற்று மேலே இருக்கிறது. ஜூலை மாத மதியத்தில் 32 டிகிரி வெயில் அடித்தால் அங்குள்ள காற்று 8,000 அடிக்கு மேல் இருக்கும் காற்றைப் போல மெலிந்துவிடும். மெலிந்த காற்றில் அதே கேனபி அதே எடையோடு வேகமாகப் பறக்கும், வேகமாக இறங்கும். பட்டாயாவில் பழகிய வேகத்தைவிட சுமார் 10 சதவீதம் கூடுதல். தரையைத் தொடும்போது வரும் வலு வேகத்தின் வர்க்கக் கணக்கில் ஏறும் என்பதால் உங்கள் கணுக்கால் தாங்க வேண்டியது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். உங்கள் சொந்த 190தான், ஆனாலும் அது அங்கே உங்களுக்குத் தெரிந்த 190 அல்ல. வாடகைக்கு எடுத்தால் 210 இருக்கிறதா என்று கேளுங்கள். வெட்கப்பட இதில் எதுவும் இல்லை, அந்த ஊரிலேயே குதிப்பவர்கள் வெளியூர்க்காரருக்கு முதலில் சொல்லும் அறிவுரை இதுதான்.

இறங்குபாதையும் மாறும். 1,000 அடியில் காற்றோடு ஓட்டம், 600ல் ஒரு திருப்பம், 300ல் காற்றை எதிர்த்துக் கடைசித் திருப்பம் என்று பழகியிருப்பீர்கள். அங்கே அதே உயரத்தில் திரும்பினால் ஒவ்வொரு பகுதியிலும் அதிக தூரம் போய்விடுவீர்கள், நினைத்த இடத்தைத் தாண்டிப் போய்த்தான் இறங்குவீர்கள். அதைத் தடுக்கக் கடைசி நேரத்தில் தாழத் திரும்புவதுதான் நம் விளையாட்டில் காலையும் இடுப்பையும் உடைக்கும் காரியம். முதல் குதிப்பில் இலக்கை மறந்துவிடுங்கள். சுற்றிலும் காலியாக இருக்கும் பெரிய பகுதியைக் காட்டச் சொல்லி, அங்கே நேராக இறங்குங்கள்.

நண்பர் மடித்துத் தருவதும் நடக்காது. மெயினை மடிக்க வேண்டியவர் அதோடு அடுத்துக் குதிப்பவர், அல்லது சான்று பெற்ற ரிக்கர், அல்லது ரிக்கரின் நேரடி மேற்பார்வையில் இருப்பவர். நண்பர் ரிக்கராக இருந்தால் சரி, இல்லை என்றால் அவர் எவ்வளவு நன்றாக மடித்தாலும் அது விதிக்குப் புறம்பு. உங்கள் மெயினை நீங்களே மடியுங்கள், ‘ஏ’ லைசென்ஸ் தரும் உரிமைகளில் அதுவும் ஒன்று.

உயரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஏஏடியைப் போல்டரில் வீட்டில் வைத்து ஆன் செய்யாதீர்கள். ஆன் செய்த இடத்தையே அது தரை என்று எடுத்துக்கொள்ளும். போல்டர் லாங்மான்ட் தளத்தைவிட ஏறக்குறைய 400 அடி உயரத்தில் இருக்கிறது. சைப்ரஸ் எக்ஸ்பர்ட் வகை சுமார் 750 அடியில் ரிசர்வைத் திறக்கும்படி அமைந்தது, தரையே தப்பாக இருந்தால் அந்தக் கணக்கும் தப்பாகிவிடும். டிராப் சோனுக்குப் போய், தரையில் நின்று ஆன் செய்யுங்கள், ஆல்டிமீட்டரையும் அங்கேதான் சுழிக்கு வையுங்கள். விமானத்தில் ஆக்ஸிஜன் குழாய் தருவார்கள், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். தரையிலிருந்து 12,500 அடி ஏறினால் கடல்மட்டக் கணக்கில் 17,500 அடி ஆகிவிடும், 15,000 அடிக்கு மேல் விமானத்தில் உள்ள அனைவருக்கும் ஆக்ஸிஜன் இருக்க வேண்டும் என்பது சட்டம். சென்னைக்கும் அங்கேக்கும் பதினொன்றரை மணி நேர வித்தியாசம். இறங்கிய மறுநாளே மைதானத்தில் போய் நிற்காமல், சில நாள் நன்றாகத் தூங்கி, தண்ணீர் நிறையக் குடித்து, உடம்பு அந்த உயரத்துக்குப் பழகிய பிறகு போங்கள்.

போகும் நாளில் காலையிலேயே போய்விடுங்கள். ஜூலையில் ராக்கி மலை அடிவாரத்தில் மதியத்துக்கு மேல் இடிமேகம் திரண்டு, திடீரென்று காற்று திசை மாறி அடிக்கும். இங்கே ஒன்றை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். மாணவியாக இருந்தவரை மணிக்கு 14 மைலுக்கு மேல் காற்று அடித்தால் உங்களை விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள். லைசென்ஸ் வாங்கியதும் யு.எஸ்.பி.ஏ. விதியில் அந்த வரம்பு போய்விடுகிறது. இனி யாரும் உங்களைத் தடுக்காமல் போகலாம், மற்றவர்கள் எல்லாம் ஏறிக்கொண்டும் இருப்பார்கள். மாணவியாக இருந்தபோது வைத்திருந்த அதே 14ஐ இன்னும் கொஞ்ச காலம் வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்வேன். டிக்கெட் எடுத்தாயிற்றே, திரும்பிப் போகும் நாள் நெருங்குகிறதே என்ற எண்ணம்தான் பயணத்தில் குதிப்பவரைத் தப்பான விமானத்தில் ஏற்றுகிறது.

கோப்ரோவுக்கு யு.எஸ்.பி.ஏ. சொல்வது ‘சி’ லைசென்ஸும் 200 குதிப்பும். பல டிராப் சோன்கள் அதை விதியாகவே வைத்திருக்கின்றன. கேமரா கயிற்றில் சிக்கலாம், அதைவிட, கவனம் அதில் போய்விடும். யாராவது “பரவாயில்லை, கட்டிக்கோ” என்று சொன்னாலும் நீங்கள் கட்ட வேண்டாம்.

காப்பீடு. சாதாரணப் பயணக் காப்பீட்டில் சாகச விளையாட்டு விலக்கப்பட்டிருக்கும். ‘சாகச விளையாட்டு சேர்த்தது’ என்று விற்பதில்கூடப் பல பாலிசிகள் பயிற்சியாளரோடு கட்டிக்கொண்டு குதிக்கும் டேண்டத்தை மட்டும் ஏற்று, தனியாகக் குதிப்பதை விட்டுவிடும். ‘தனியாக ஸ்கைடைவிங் செய்யும்போது ஏற்படும் காயத்துக்கு அமெரிக்காவில் மருத்துவச் செலவு உண்டா’ என்று இதே சொற்களில் எழுதிக் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். அது இல்லாமல் அமெரிக்காவில் குதிக்காதீர்கள், ஒரு எலும்பு முறிவு அண்ணன் குடும்பத்தையே கடனில் தள்ளிவிடும். டிராப் சோனில் பல பக்கத்துக்கு ஒரு பத்திரம் தந்து கையெழுத்துக் கேட்பார்கள். எது நடந்தாலும் வழக்குப் போட மாட்டேன் என்பதுதான் அதன் சாரம். படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

நாளைக்கு வேறு நாட்டுக்குப் போனால் இதே கணக்கு அப்படியே பொருந்தாது. பிரிட்டனில் ‘பிரிட்டிஷ் ஸ்கைடைவிங்’ சங்கத்தில் தற்காலிக உறுப்பினராகி, உடல்நிலைப் படிவமும் கொடுக்க வேண்டியிருக்கும், மற்றவர்களோடு சேர்ந்து குதிக்க அவர்களுடைய தகுதி தனி. ஆஸ்திரேலியாவில் அந்நாட்டு பாராசூட் கூட்டமைப்பான ஏ.பி.எப்.பில் உறுப்பினராக வேண்டும். ஜெர்மனியில் மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம். எங்கே போனாலும் முதலில் அந்த மைதானத்துக்கே எழுதிக் கேளுங்கள்.

லாங்மான்ட்டுக்கு எழுதும்போது சுற்றி வளைக்காமல் இப்படி எழுதுங்கள்: ‘ஏ’ லைசென்ஸ், 31 குதிப்பு, எல்லாமே கடல்மட்ட உயரத்தில், கடைசியாக ஜனவரியில், 190 கேனபி, ரிஃப்ரெஷர் வேண்டும், ரிசர்வ் படங்கள் இணைத்திருக்கிறேன், வாடகைக்கு 210 இருக்கிறதா. எதையும் கூட்டிச் சொல்லாதீர்கள். இந்த மின்னஞ்சலைப் படிக்கும் பயிற்சியாளர் உங்களை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிடுவார்.

அண்ணனிடம் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். அந்தப் பத்திரத்தில் அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் நீங்கள் எழுதப் போவது அவர் பெயரைத்தான். மருத்துவமனையிலிருந்து ஃபோன் வந்துதான் தங்கை குதிக்கப் போனது அவருக்குத் தெரியவேண்டும் என்றில்லை. காப்பீட்டு எண், உங்கள் ரத்தவகை, ஒவ்வாமை ஏதாவது இருந்தால் அது, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அவரிடமும் அண்ணியிடமும் கொடுத்துவிடுங்கள். முடிந்தால் முதல் நாள் அவரையே காரில் கூட்டிப்போகச் சொல்லுங்கள். ரிஃப்ரெஷர், முதல் குதிப்பு, வெயிலில் காத்திருப்பு எல்லாம் முடிந்து அன்று சாயங்காலம் நீங்களே வண்டி ஓட்டுவது நல்லதில்லை.